ஏப்ரலில் ஒரு வெட்டு, செப்டம்பரில் ஒரு வெட்டு

செப்டம்பர் பிறந்தால் பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் திராட்சை அறுவடை. குலைகள் இறங்கியதும் இலைகள் பழுத்து உதிரும், கொடி பனிக்காலம் முடியும்வரை உறங்கப் போய்விடும். அதே செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில், திண்டோரி, நிபாட் பக்கத்துத் தோட்டங்களில் கவாத்துக் கத்தரியோடு ஆட்கள் இறங்குகிறார்கள். பச்சைப் பசேலென்று நிற்கிற கொடியை வெட்டித்தான் அங்கே பருவமே தொடங்குகிறது. அந்த வெட்டிலிருந்து நாள் எண்ணி, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் பழம் ஒயின் ஆலையின் எடைமேடைக்குப் போகும்.

ஒயின் திராட்சைக்கு ஏற்ற நிலம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது 30 முதல் 50 டிகிரி அட்சரேகை வரையிலான பகுதியை. நாசிக் இருப்பது 20 டிகிரியில். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. ஆனால் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரம் அந்த ஊருக்கு ஒரு நல்ல குளிர்காலத்தைக் கொடுத்திருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். நிபாட் வட்டாரத்தில் குளிர் சில நாட்களில் அளவு மீறிப்போக, விவசாயிகள் தோட்டத்துக்குள் தீ மூட்டிக் கொடிகளுக்குச் சூடு காட்டுவதுண்டு. பகலில் வெயில், இரவில் குளிர், மழை இல்லாத வானம்: பழம் முற்றுவதற்கு வேண்டியது இந்த மூன்றுமே. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதத்துக்குள் பழம் பழுக்கிற மாதிரி கொடியின் நாட்காட்டியையே மனிதர்கள் மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

நவீன இந்தியாவில் இதைத் துணிந்து செய்தவர்கள் சிலர்தான். 1980களில் புனே பக்கம் நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே தொடங்கிய இண்டேஜ், பிரெஞ்சு நிபுணர்களின் துணையோடு நுரைக்கும் ஒயின் செய்து ஏற்றுமதி செய்தது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர், ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்பவரைக் கூட்டிவந்து நிலம் பார்த்துக் கொடி நட்டார். மூன்றாமவர் ராஜீவ் சாமந்த். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நாசிக்கில் கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் இருந்த குடும்ப நிலத்தில் மாம்பழம், ரோஜா, தேக்கு என்று எதை எதையோ முயன்று பார்த்துவிட்டு ஒயின் திராட்சைக்கு வந்தார். கலிஃபோர்னியாவின் ஒயின் தயாரிப்பாளர் கெர்ரி டாம்ஸ்கி துணை நிற்க, 1997 வாக்கில் சாவிஞோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் ரகங்களை நட்டார். 2000இல் முதல் புட்டி வெளிவந்தது. தாயார் சுலபாவின் பெயரிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு சுலா என்று பெயர்.

சாப்பிடும் திராட்சை நாசிக்குக்குப் புதிதல்ல. தாம்சன் விதையில்லா ரகத்தைத் தலைமுறையாகப் பயிரிட்டவர்கள் அங்கே உண்டு. ஆனால் அந்த அனுபவம் ஒயின் தோட்டத்தில் பாதிக்கு மேல் உதவாது. சில இடங்களில் குறுக்கேயே நிற்கும்.

நிலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே இந்த முரண் தொடங்கிவிடுகிறது. நல்ல கரிசல் மண்ணைப் பார்த்தால் எந்த விவசாயிக்கும் கை அரிக்கும். ஒயின் திராட்சை நடுபவர் அதைத் தாண்டிப்போய், சரிவாக, சரளை கலந்து, தண்ணீர் நிற்காமல் வடிந்துபோகிற மண்ணைத் தேடுகிறார். மராட்டியில் முரும் என்பார்கள், நம் ஊரில் சுக்கான், சரளை என்று ஒதுக்கிவிடுகிற நிலத்துக்கு நெருங்கிய சொந்தம். கரிசலில் கொடி கொழுத்து இலையாகவே வளரும், நிழல் கட்டும், குலைக்குள் ஈரம் தங்கும், பழம் நீர்த்துப்போகும். ஏழை மண்ணில் கொடி தன் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு இருக்கிற சத்தைப் பழத்துக்குள் சேர்க்கும். அதற்காக எந்தக் கட்டாந்தரையும் ஆகும் என்று நினைத்துவிடக்கூடாது. நிலத்தில் சுண்ணாம்பு எவ்வளவு, கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்று சோதித்துப் பார்க்காமல் ஒரு குழி தோண்டினாலும் அது சூதாட்டம்தான்.

மண் சோதனை முடிந்ததும் நிலத்தை ஆழமாகக் கிளறி, இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் போல நீளப் பள்ளம் எடுத்து, தொழு உரமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டு மூடுகிறார்கள். வரிசைகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடும். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வெயில் விழவேண்டும் என்பது கணக்கு. வரிசைக்கு வரிசை எட்டு அடி, கொடிக்குக் கொடி நாலு அடி என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,360 கொடிகள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பார்க்கிற கல்தூண் பந்தல் இங்கே கிடையாது. இரும்புத் தூண்களுக்கு இடையில் அடுக்கடுக்காகக் கம்பி இழுத்து, கொடியை வேலி மாதிரி நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். பந்தலுக்குக் கீழே நிழலில் தொங்குகிற பழம் சாப்பிட அழகாக இருக்கும். ஒயினுக்கு வேண்டிய நிறமும் மணமும் தோலில் ஏற, குலை இருக்கும் மட்டத்தில் காற்றும் வெளிச்சமும் ஊடுருவ வேண்டும்.

இனி வேர். நாசிக்கில் ஷிராஸ், கேபர்நே போன்ற ஒயின் ரகக் கொடி ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் இருப்பது வேறொரு இனத்தின் வேர். அதற்குப் பின்னால் 19ஆம் நூற்றாண்டின் பெரிய விவசாயப் பேரழிவு ஒன்று இருக்கிறது. 1860களில் தென் பிரான்சில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்து சாகத் தொடங்கின. 1868இல் தாவரவியலாளர் ஜூல் எமில் பிளாஞ்சோனும் உடன் சென்றவர்களும் சாகாத, ஆனால் வாடத் தொடங்கியிருந்த கொடிகளைப் பிடுங்கி வேரைப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூச்சிகள் ஒட்டிக்கிடந்தன. செத்த கொடியில் அவை இருக்காது, சாறு தீர்ந்ததும் பக்கத்துக் கொடிக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. ஃபில்லாக்ஸெரா என்ற அந்தப் பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. மருந்தும் அங்கிருந்தேதான் வரவேண்டியிருந்தது: அந்தப் பூச்சியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் டெனிசன் ஊரில் இருந்த டி.வி. மன்சன் சுண்ணாம்பு நிலத்தைத் தாங்கும் காட்டு வேர்களைச் சுட்டிக்காட்டி உதவியதற்காக, 1888இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்தது.

நாசிக் விவசாயி டாக்ரிட்ஜ் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிற வேர்ச்செடியும் டெக்சாஸ் காட்டுத் திராட்சைதான். இங்கே அதை நடுவது பூச்சிக்குப் பயந்தல்ல. உப்புத் தண்ணீரையும் வறட்சியையும் அது தாங்கும் என்பதற்காக. ஒரு குறை உண்டு, அது மேலே இருக்கும் கொடியை ரொம்பக் கொழுக்க வைத்துவிடும். அதனால் ஒயின் தோட்டங்களில் 110ஆர், 1103பி போன்ற அடக்கமான வேர்ச்செடிகளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

ஜனவரி, பிப்ரவரியில் வேர்ச்செடியை நட்டு, மழைக்காலம் முடியும்வரை அதன் போக்கில் வளரவிடுகிறார்கள். ஒட்டுக்கட்டும் வேலை ஆகஸ்டு முதல் அக்டோபருக்குள். வேர்ச்செடியின் தண்டை முட்டி உயரத்துக்குச் சற்றுக் கீழே நறுக்கி, நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் பிளக்கிறார்கள். ஒட்டுக்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி கூராக்கி அந்தப் பிளவுக்குள் இறக்குகிறார்கள். பட்டைக்கு அடியில் இருக்கிற பச்சை அடுக்கு இரண்டிலும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் பொருந்த வேண்டும். குச்சி மெல்லியதாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஓரமாக நகர்த்தி வைப்பார்கள். பிறகு பாலிதீன் நாடாவால் இறுக்கச் சுற்றிக் கட்டு. பழகிய ஆள் சீவுவதும் செருகுவதும் கட்டுவதும் நம் கண்ணுக்கு ஒரே அசைவாகத் தெரியும். கொஞ்சநாளில் துளிர்த்தால் பிடித்தது, கறுத்தால் மறுபடி.

ஒட்டு பிடித்த கொடியை உடனே காய்க்கவிடுவதில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் திரும்பவும் தறித்து, ஒரே தளிரை நேராக மேலே ஏற்றித் தண்டாக்கி, கம்பி மட்டம் வந்ததும் நுனியைக் கிள்ளி, இரண்டு பக்கமும் இரண்டு கைகளாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். இந்தச் சட்டகம் ஒழுங்காக அமையாவிட்டால் பிறகு பதினைந்து வருடத்துக்கும் அதே கோணலோடுதான் காலம் தள்ள வேண்டும். வேர்ச்செடி நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு இரண்டு ஆண்டுகள், ஒழுங்கான மகசூலுக்கு மூன்று. அதுவரை தூண், கம்பி, சொட்டுநீர்க் குழாய், கூலி எல்லாமே செலவுக் கணக்கு.

கொடி காய்ப்புக்கு வந்ததும் தலைப்பில் உள்ள அந்த இரண்டு வெட்டுகள் ஆண்டுதோறும் வந்துவிடும்.

ஏப்ரலில் நடக்கும் முதல் கவாத்தில் கொடியை ஏறக்குறைய மொட்டையடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு குச்சியிலும் அடிமொட்டு ஒன்றை மட்டும் விட்டு மிச்சம் கழித்துவிடுவது. புறப்படுகிற தளிரில் அந்தப் பருவத்தில் பழம் எடுக்கும் எண்ணமே கிடையாது. வெயிலில் அது முற்றிக் குச்சியாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆண்டு பழத்தின் தலைவிதி அந்தச் சமயத்தில்தான் எழுதப்படுகிறது. கவாத்து முடிந்து 40 முதல் 60 நாளுக்குள், இலைக்காம்பின் கக்கத்தில் ஊசிமுனையளவு இருக்கும் மொட்டுக்குள் பூங்கொத்தின் கரு உருவாகும், அல்லது வெறும் பற்றுச்சுருளாக மாறிப்போகும். மே மாத வெயில் மொட்டின் மேல் விழுந்தால் பூங்கொத்து. தழைச்சத்தும் தண்ணீரும் அதிகமாகி, இலை மூடிக்கொண்டால் சுருள். அதனால் அந்த நாட்களில் தண்ணீரைக் குறைத்து, யூரியா பக்கமே போகாமல், தளிர்களை எண்ணிக் கழித்து வெளிச்சம் விடுகிறார்கள். 45ஆம் நாள் வாக்கில் குறிப்பிட்ட கணுவின் இலைக்காம்புகளைப் பறித்துச் சத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

கொடியின் வேகத்தை அடக்க குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி அடக்கியைத் தெளிப்பது நெடுநாள் வழக்கம். அது 2010இல் சாப்பிடும் திராட்சை ஏற்றுமதியாளர்களின் கழுத்தை நெரித்தது. எப்போதோ கோடையில் தெளித்தது பழத்தில் எச்சமாக நிற்க, ஐரோப்பியத் துறைமுகங்களில் இந்தியத் திராட்சைப் பெட்டகங்கள் மறிக்கப்பட்டன.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் சில குச்சிகளை நறுக்கி ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே மொட்டைப் பிளேடால் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே பூங்கொத்து இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எத்தனையாவது கணுவின் மேல் வெட்டவேண்டும் என்பதை அந்தச் சீட்டு சொல்லும். புனே அருகே மாஞ்சரியில் 1997இல் தொடங்கப்பட்ட தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் வேர்ச்செடித் தேர்விலிருந்து மருந்துத் தெளிப்பு அட்டவணை வரை விவசாயிகளுக்கு வழி சொல்லும் இடம்.

செப்டம்பர், அக்டோபரில் வருவது இரண்டாவது வெட்டு, காய்ப்புக்கான வெட்டு. பேட், சுர்காணா போன்ற மலைத் தாலுகாக்களிலிருந்து பழங்குடித் தொழிலாளர்கள் குழுவாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு இறங்குவார்கள். வெட்டியதோடு வேலை முடிவதில்லை. குளிர்நாட்டுக் கொடி குளிரில் உறங்கி எழுந்து எல்லா மொட்டையும் ஒன்றாக விழிக்கவிடும். நாசிக் கொடி உறங்கவே இல்லை. விட்டால் நுனிமொட்டு மட்டும் துளிர்க்கும், கீழே இருப்பவை சும்மா கிடக்கும். அதனால் வெட்டின ஓரிரு நாளுக்குள் மொட்டுகள் மேல் ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைக் கையுறை போட்டுக்கொண்டு தடவுகிறார்கள். பத்து நாள் சுமாருக்குள் மொட்டெல்லாம் ஒருசேர விரியும். இந்த மருந்தில் ஒரு வேடிக்கை உண்டு. உடம்பில் பட்ட ஆள் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றி விழுந்துவிடலாம். ஆகையால் ஒயின் கொடிக்கு மொட்டு தடவுகிறவர் முன்னும் பின்னும் சில நாள் மதுவைத் தொடக்கூடாது என்று மருந்துச் சீட்டிலேயே எச்சரிக்கை அச்சாகிறது.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இந்த நாட்காட்டி வீணடிப்பாகத் தெரியும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் கவாத்துச் செய்த நாலு மாதத்தில் பன்னீர் திராட்சை கைக்கு வரும். துண்டு துண்டாக நாள் மாற்றி வெட்டிக்கொண்டே போனால் வருடம் முழுக்கச் சந்தைக்குப் பழம் உண்டு. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்ட பழம் அது. இரண்டு வெட்டுக்கு இரண்டு மகசூல் எடுக்கிற ஊரிலிருந்து பார்த்தால் நாசிக்காரர் ஒரு வெட்டைச் சும்மா விடுகிறார். ஆனால் நாசிக்கில் இரண்டாவது மகசூலுக்கு முயன்றால் பழம் முற்றுகிற நேரத்தில் அடைமழை பிடித்துக்கொள்ளும். பூஞ்சைக்குத் தீனி போட்டதுதான் மிச்சமாகும்.

பூஞ்சைதான் திராட்சைக்காரரின் நிரந்தரப் பகை. இலைக்கு அடியில் வெள்ளைப் பூசணமாகப் படரும் அடிச்சாம்பல் நோயும், இலைக்கு மேலும் காய் மேலும் மாவு தூவினாற்போல் வரும் சாம்பல் நோயும் இரண்டு வகை. இரண்டுமே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், உலகம் சுற்றியவை. முன்னதற்குக் கிடைத்த மருந்து தற்செயலாகக் கண்ணில் பட்டது. 1882இல் போர்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சி மில்லார்தே, மெடாக் பகுதியில் ஒரு சாலையோரத் தோட்டத்தைக் கடந்து போனார். எங்கும் இலை கொட்டிக் கிடக்க, ரோட்டை ஒட்டிய கொடிகளில் மட்டும் இலை நிற்கிறது. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க, பார்க்க அருவருப்பாகத் தெரியட்டும் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அந்த வரிசைக்குத் தெளித்திருக்கிறார்கள். மில்லார்தே அதைச் சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலிலும் காப்பித் தோட்டத்திலும் இன்றுவரை கலக்கிற போர்டோ கலவை அதுதான்.

மருந்து இருந்தும் வானம் ஏமாற்றினால் ஒன்றும் செய்ய முடியாது. காய்ப்புக் கவாத்து முடிந்து பூக்கிற நேரத்தில் பெய்யும் மழைதான் மிகவும் கொடியது. 2009 நவம்பரில் ஃபியான் புயல் மகாராஷ்டிரக் கரையைக் கடந்தபோது நாசிக் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய் பூங்கொத்துகளைக் கருக்கியது. 2023 நவம்பர் கடைசியில் நிபாட் பக்கம் ஆலங்கட்டி மழை பெய்து காயையும் இலையையும் கிழித்துப் போட்டது. மாவுப்பூச்சியும் தண்டு துளைப்பானும் வேறு. தண்டின் அடியில் மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். ஏப்ரல் கவாத்து முடிந்ததும் உரிந்து தொங்குகிற பழைய பட்டையைக் கையால் தேய்த்து எடுத்துவிடுவது பூச்சி ஒளிய இடம் தராமல் இருக்கத்தான்.

இதுவரை சொன்ன வேலைகளில் பெரும்பாலானவற்றைச் சாப்பிடும் திராட்சைக்காரரும் செய்வார். பிரிகிற இடம் இனிமேல்தான். தாம்சன் தோட்டத்தில் ஜிப்ரெலிக் அமிலத்தில் குலையை முக்கி, பழத்தைப் பருக்க வைத்து, ஏற்றுமதிக்கென்று 18 மில்லிமீட்டர் குறுக்களவு வரக் காத்திருப்பார்கள். ஒயின் பழமோ சின்னது, விதையுள்ளது, தோல் தடித்தது. அது பருக்கக்கூடாது. நிறமும் துவர்ப்பும் மணமும் தோலில் இருப்பதால் சாற்றுக்கு எவ்வளவு தோல் என்பதுதான் விஷயம். ஆகவே ஜிப்ரெலிக் கிடையாது. பழம் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். கொடி சற்றே வாடி, நுனித்தளிர் வளர்வதை நிறுத்தவேண்டும், ஆனால் இலை கருகக்கூடாது. அந்த மெல்லிய இடைவெளியில் கொடியை நிறுத்திவைப்பது சொட்டுநீர் வால்வைத் திருகுகிற ஆளின் சாமர்த்தியம். குலைக்கு எதிரே உள்ள இலைகளைக் கிழக்குப் பக்கம் மட்டும் கிள்ளி எடுப்பார்கள். மேற்குப் பக்கத்து இலையை எடுத்தால் பிற்பகல் வெயில் பழத்தைச் சுட்டுவிடும்.

அடுத்தது, விவசாயி மனசு ஒப்பாத வேலை. நன்றாகக் காய்த்து நிற்கிற குலைகளில் ஒரு பங்கை அறுத்துக் கீழே போடுவது. தளிருக்கு ஒரு குலை, மிஞ்சினால் இரண்டு. சாப்பிடும் ரகத்தில் ஏக்கருக்குப் பத்து டன் பார்த்த கைக்கு, நாலைந்து டன்னோடு நிறுத்து என்றால் வலிக்கத்தானே செய்யும்? எடை போட்டுக் காசு வாங்கியே பழகிய தொழில் இது. நாசிக்கின் ஒயின் வரலாற்றில் ஆலைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த பேச்சுவார்த்தைகளில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருந்திருக்கும். தரத்துக்குக் கூடுதல் விலை என்று எழுதிக் கொடுத்த பிறகே குலை கீழே விழத் தொடங்கியது.

தரத்தை அளப்பது ஒரு சின்னக் கருவி, ரிஃப்ராக்டோமீட்டர். வரிசையின் இரண்டு பக்கத்திலிருந்தும், மேல் குலை கீழ்க் குலை என்று பார்க்காமல் நூறு பழம் பறித்து, ஒரு பையில் போட்டு நசுக்கி, ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடி மேல் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சர்க்கரை எத்தனை பிரிக்ஸ் என்று கோடு காட்டும். சிவப்பு ஒயினுக்கு 22 முதல் 24 வேண்டும். நுரைக்கும் ஒயினுக்கு 18 போதும், அதனால் அந்தத் தோட்டங்கள் முன்னாலேயே அறுவடையாகிவிடும். கருவி சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. பழத்தை வாயில் போட்டுத் தோலை மென்று துவர்ப்புப் பார்ப்பார்கள். விதையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்கள். விதை பச்சையாக இருந்தால் சர்க்கரை எவ்வளவு ஏறியிருந்தாலும் காத்திரு. பழுப்பாகி, கடித்தால் நொறுங்கினால் நாள் வந்துவிட்டது.

ஆனால் வெப்பநாட்டில் அப்படிக் காத்திருப்பதும் ஆபத்து. சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு இறங்கும். பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறிவிட்டால் புளிப்பு ஒரே வாரத்தில் சரியும், புளிப்பில்லாத ஒயின் சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். ஆலையில் டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிக்கட்டலாம்தான். அது தோட்டத்தில் கிடைத்த புளிப்புக்கு ஈடாகாது என்று ஒயின் தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். வெள்ளை ரகங்கள் முதலில், சிவப்பு ரகங்கள் பின்னால் என்று அறுவடை நகர்கிறது. வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டும். காலைக் குளிர் பழத்தில் இருக்கும்போதே கிரேட்டில் அடுக்கி ஆலைக்கு ஏற்றிவிட்டால், வழியில் பழம் நசுங்கிப் புளிக்கத் தொடங்காது.

தோட்டத்துக் கதை இத்தோடு சரி. ஒயின் திராட்சை விவசாயியை மண்ணைவிட, பூஞ்சையைவிட அதிகம் சோதித்தது வேறொன்று. தாம்சன் பழத்துக்கு ஆயிரம் வழி உண்டு: ஏற்றுமதி, உள்ளூர்ச் சந்தை, தள்ளுவண்டி, கடைசிக்குக் காயவைத்துக் கிஸ்மிஸ். ஷிராஸ் பழத்தை வாங்குவதற்கு ஒயின் ஆலையை விட்டால் நாதி கிடையாது. வழியில் உட்கார்ந்து விற்றால் விதையையும் தோலையும் பார்த்து யாரும் வாங்கமாட்டார்கள்.

2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒயினுக்குக் கலால் வரியில் சலுகை, நாசிக் பக்கம் விஞ்சூரிலும் சாங்லி பக்கம் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள். ஆலைகள் மளமளவென்று முளைத்தன. கரும்புக்குச் சர்க்கரை ஆலை மாதிரி திராட்சைக்கு ஒயின் ஆலை என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒயின் ரகங்கள் ஏறின. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல். ஓட்டல்கள் காலி, சுற்றுலா படுத்துவிட்டது, உலகப் பொருளாதாரமும் சரிந்திருந்த நேரம். தொட்டிகளில் முந்தைய ஆண்டு ஒயினே விற்காமல் கிடக்க, 2009இலும் 2010இலும் ஆலைகள் பழத்தை வாங்க மறுத்தன, அல்லது வாங்கிவிட்டுக் காசு தராமல் இழுத்தடித்தன. முன்னோடியாக இருந்த இண்டேஜ் கடனில் மூழ்கி நீதிமன்றப் படியேறி முடிந்துபோனது. மூன்றாண்டு வளர்த்த கொடிகளை ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு விவசாயிகள் மறுபடி தாம்சனுக்குத் திரும்பினார்கள். நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2010ஆம் ஆண்டில், அதே பள்ளத்தாக்கில் கொடிகள் பிடுங்கப்பட்டுக்கொண்டிருந்தன.

தாக்குப்பிடித்தவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். சுலா போன்றவை தோட்டத்துக்குள்ளேயே ஒயின் சுவைக்கும் கூடம், தங்கும் விடுதி என்று திறந்து, மும்பையிலிருந்து காரில் வருகிறவர்களிடமிருந்தே பெரிய வருமானம் பார்க்கத் தொடங்கின. இன்னொன்று, விவசாயிகளோடு பத்தாண்டு, அதற்கு மேலும் நீளும் ஒப்பந்தங்கள். சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் இத்தாலியச் சகோதரர்களோடு கூட்டுச்சேர்ந்து தொடங்கிய ஃபிராட்டெல்லி மாதிரி, கொடி முழுவதையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 2022 தொடக்கத்தில் பேரங்காடிகளில் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தபோது விவசாயிகளுக்கு நல்லது என்றுதான் காரணம் சொல்லப்பட்டது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார், எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் அப்படியே நின்றுவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சுலா பங்குச்சந்தைக்குப் போனது.

இப்போது ஒயின் ரகம் நடக் கேட்டு வருகிற ஆலையோடு பேச உட்காரும் நாசிக் விவசாயி ஒப்பந்தத்தில் பார்க்கிற இடங்கள் தெளிவானவை. எந்த ரகம், எந்த வேர்ச்செடி, ஏக்கருக்கு எத்தனை டன்னுக்கு மேல் எடுக்கமாட்டார்கள், எத்தனை பிரிக்ஸுக்குக் கீழே போனால் விலை குறையும், அறுவடை நாளை யார் சொல்வது, ஆலையின் தாமதத்தால் பழம் வற்றி எடை குறைந்தால் நட்டம் யாருடையது, காசு எத்தனை நாளில். ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகும் முழு நிலத்தையும் அதற்கே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியில் தாம்சனை வைத்துக்கொள்கிறவர்களே அதிகம். பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஒன்று பந்தல், ஒன்று கம்பிவேலி, ஒன்றுக்கு ஜிப்ரெலிக், மற்றதற்குப் பட்டினி என்று இரண்டு வேறு விவசாயத்தையும் ஒரே குடும்பம் பார்த்துக்கொள்கிறது.